தேயிலை மலையில் மூன்று உடுப்பு: மாணவர் பாடல் காணொளி ஒன்றின் உடைத் தேர்வு

பாட்டு 4 நிமிடம் 10 விநாடி. கமராவுக்கு முன்னால் நிற்பவர் ஒரே ஒருவர்: உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் படிக்கும் மாணவி. பாடியவரும் அவரே. பின்னால் ஐந்து சக மாணவர்கள், ஒரு மிரர்லெஸ் கமரா, இரண்டு போன், பாட்டை ஒலிக்கவிட ஒரு புளூடூத் ஸ்பீக்கர். இடம் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை மலை (தேயிலை நட்ட நிலப்பகுதியை இங்கே மலை என்பார்கள்), தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல், காசல்ரீ நீர்த்தேக்கக் கரை. படப்பிடிப்பு மார்ச் நடுவில் ஒரு சனியும் ஞாயிறும். கொழுந்து பறிக்கும் அம்மாவைப் பற்றி மகள் பாடும் பாட்டு.

முதலில் எழுதிய பட்டியலில் ஐந்து உடுப்பு இருந்தது. சிவப்புப் பட்டுச் சேலை, வெள்ளை நீளக் கவுண், இலைப்பச்சைப் பாவாடை தாவணி, கறுப்பு டீசேர்ட்டும் ஜீன்ஸும், நடனத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் ‘கொழுந்துக்காரி’ உடுப்பு. படத்தில் வந்தவை மூன்று: கொழுந்து பறிப்பவரின் பழைய சேட்டு, பாடசாலைச் சீருடை, செங்கல் நிறப் பாவாடை தாவணி. அந்த மூன்றில் ஒன்றுகூடப் பட்டியலில் இருந்த ஐந்தில் இல்லை.

நேரத்தை எண்ணினால் உடுப்பு குறையும்

மாணவர் குழுக்கள் பொதுவாகச் சரணத்தை எண்ணி உடுப்புப் போடுகிறார்கள்: பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று. எண்ண வேண்டியது வெளிச்சம் இருக்கும் மணித்தியாலங்களை. பாடும் காட்சியை எடிட்டில் விரும்பிய இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டுமானால், ஒவ்வொரு உடுப்பிலும் முழுப் பாட்டையும் குறைந்தது மூன்று அளவில் எடுத்திருக்க வேண்டும்: தூரம், இடுப்பளவு, முகம். பாட்டு ஓடும் நேரம் மட்டும் 12 நிமிடத்துக்கு மேல். உதடு தவறியது, ஸ்பீக்கர் நின்றது, வழியால் ஆள் வந்தது எல்லாம் சேர ஒரு மணித்தியாலம். உடுப்பு மாற்றி, தலைவாரி, பின் குத்தி முடிக்க இன்னும் அரை மணித்தியாலம். ஐந்து உடுப்புக்கு ஏழரை மணித்தியாலம் போய்விடும். கதைக் காட்சிகள் இன்னும் தொடங்கவே இல்லை.

மார்ச்சில் சூரியன் 6.15 அளவில் உதிக்கிறது. ஆனால் பள்ளத்தில் இருக்கும் மலைக்கு வெயில் இறங்க ஏழு மணி ஆகும். ஒன்பதரைக்குப் பிறகு உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே குழி காட்டும். மார்ச், ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை சாதாரணம், ஆகவே இரண்டு மணிக்குப் பின் எதையும் நம்பித் திட்டம் போட முடியாது. இரண்டு நாளுக்கும் சேர்த்து நல்ல வெளிச்சம் ஐந்து மணித்தியாலம்தான். அதற்குள் மூன்று உடுப்பு அடங்கும். நாலாவது அடங்காது.

பார்ப்பவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து உடுப்பு என்றால் ஒவ்வொன்றும் திரையில் சராசரி 50 விநாடி. அம்மாவைப் பற்றிய பாட்டு புடவைக்கடை விளம்பரமாகப் போய்விடும்.

துணித்துண்டுச் சோதனை

கடைக் கண்ணாடி முன் அழகாய் நிற்கும் நிறம் தேயிலை நடுவில் என்ன செய்யும் என்பதை அந்த மலையில், அந்த நேரத்தில், அந்தக் கமராவில்தான் பார்க்க முடியும். செலவில்லாத சோதனை இது. ஒரு வாரம் முன்பு, படம் பிடிக்கப்போகும் அதே மணிக்கு, வீட்டில் கிடைக்கும் எட்டு நிறத் துணியை அரை மீற்றர் அகலத்துக்கு மடித்து ஒரு கம்பில் பின் குத்திக்கொண்டு போக வேண்டும். கம்பைப் பிடித்துக்கொண்டு பாடகியே நிற்க வேண்டும். முகத்துக்கும் துணிக்கும் இடையிலான வெளிச்ச வித்தியாசம்தான் பார்க்க வந்தது. 3 மீற்றர், 10 மீற்றர், 40 மீற்றர் என்று மூன்று தூரத்திலும் ஒவ்வொரு நிறத்துக்கும் பத்து விநாடி வீடியோ. புகைப்படம் போதாது. போன் புகைப்படத்தில் வெளிச்சத்தைத் தானே சரிசெய்து அழகாக்கித் தரும், வீடியோவில் அந்த அளவுக்குச் செய்யாது.

இலைப்பச்சை 10 மீற்றரிலேயே போய்விட்டது. தேயிலைக்குள் ஒரு தலையும் இரண்டு கையும் மட்டும் மிதந்தன.

சிவப்பு எல்லோரும் எடுக்கும் நிறம், பச்சைக்கு எதிர் என்பதால். எடுபடவும் செய்கிறது, அதில் பொய்யில்லை. தொல்லை வேறு இடத்தில். பளிச்சென்ற சிவப்பு வெயிலில் போன் கமராவின் சிவப்புப் பகுதியை நிரப்பி வழியவிடும்; மடிப்பு, சுருக்கம், கரை எல்லாம் அழிந்து ஒரே தட்டையான சிவப்பாக நிற்கும். சாதாரணக் கமராக்கள் வெளிச்ச விபரத்தை முழுதாகவும் நிற விபரத்தைக் குறைத்தும் பதிவு செய்கின்றன. அதனால் சிவப்பின் ஓரம் பச்சையோடு சேரும் இடம் பிசிறடிக்கும், இணையத்தில் ஏற்றிய பிறகு இன்னும் கூடும். அதே குடும்பத்தில் மங்கலான நிறம், செங்கல் அல்லது மருதாணி காய்ந்த நிறம், இந்தத் தொல்லை இல்லாமல் பச்சையிலிருந்து பிரிந்து நின்றது.

மஞ்சள் பற்றி ஓர் எச்சரிக்கை. கொழுந்து விட்டிருக்கும் மலையின் மேற்பரப்பு மஞ்சள் கலந்த இளம்பச்சை. கடுகு மஞ்சள் அதில் 40 மீற்றரில் கரைந்தது. பறித்து முடித்த மலையில் அதே மஞ்சள் நன்றாக நிற்கும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைத் தாழக் கத்தரித்துவிட்ட மலை என்றால் எல்லாம் தலைகீழ்: அங்கே தெரிவது பழுப்புக் குச்சியும் மண்ணும், செங்கல் நிறம்தான் அங்கே தொலையும். ஒரு மலைக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை அளவில் பறிக்க வருவார்கள். ஆகவே சோதனை பார்த்த மலை அடுத்த சனிக்கிழமை என்ன நிலையில் இருக்கும் என்று கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கேட்டுவிட வேண்டும். மருந்து அடித்த மலை எது என்பதையும் அப்போதே கேட்க வேண்டும், அங்கே இறங்கக்கூடாது. இரண்டுக்கும் முன்னால் தோட்ட முகாமையாளரின் அனுமதி.

மூடுபனிக்குத் தனிச் சோதனை. பனி நிறத்தைத் தின்றுவிடும், வெளிச்ச வித்தியாசத்தை மட்டும் மிச்சம் வைக்கும். எடுத்த வீடியோவைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் எது நிற்கும் என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் அழகான சிவப்பும் தேயிலையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகின. வெள்ளை பனியோடு பனியாகப் போனது. கறுப்பு மட்டும் நிழலுருவம்போல் கிண்ணென்று நின்றது. ஆனால் கறுப்புடுப்புக்கு மேல் கறுப்புக் கூந்தல் விழும்போது கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பனிக்காட்சி ஒன்றுதான் என்பதால் கறுப்பை விட்டார்கள். அந்த ஒன்றுக்கு ஒரு கம்பளி போதும் என்று முடிவாயிற்று.

நெருக்கமான கோடு போட்ட துணியை, சோதனையே இல்லாமல், ஒதுக்கிவிடலாம். தூர ஷொட்டில் கோடுகள் நெளிந்து ஊரும். மார்பில் கம்பனிப் பெயர் அச்சடித்த டீசேர்ட்டும் அப்படியே.

தேயிலைக்குள் இடுப்புக்குக் கீழே உடுப்பு இல்லை

பறிக்கும் மட்டத்தில் வைத்திருக்கும் தேயிலைச் செடி இடுப்பளவு நிற்கும். நிரைக்குள் இறங்கியதும் பாவாடையும், கரையும், கொலுசும், செருப்பும் கமராவுக்கு இல்லை. இதை முன்பே யோசித்தால் பணம் மிச்சம். ஜரிகைக் கரை உள்ள சேலைக்கு வாடகை கொடுப்பதைவிடக் கைநீளம், கழுத்து, தலைத்துண்டு ஆகியவற்றைச் சரியாக எடுப்பது பலன் தரும். கீழே பாடகி காற்சட்டையும் முழங்கால்வரை கம் பூட்சும் போட்டிருந்தார். அட்டைக் கடிக்கும் பாதுகாப்பு, வழுக்கலுக்கும் பாதுகாப்பு. பூட்சுக்குள் நீளக் காலுறை போட்டு, அதன் மேல் விளிம்பில் ஈரச் சவர்க்காரம் தேய்த்தார்கள்.

தூர ஷொட்டில் ஆள் எவ்வளவு தெரிவார் என்பதையும் கணக்குப் போடலாம். 1080 வரி உயரமுள்ள படத்தில் எட்டில் ஒரு பங்கு என்றால் 135 பிக்சல். அதைப் போனைக் கிடையாகப் பிடித்துப் பார்ப்பவருக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. எம்பிரொய்டரி, கல், மணி எதுவும் அங்கே கிடையாது, ஒரு நிறப்புள்ளி மட்டும். மேலே இருந்து எடுக்கும் ஷொட்டில் அந்தப் புள்ளி வெறும் தலைத்துண்டுதான்.

கொழுந்துக்காரி உடுப்பு

வாடகைக்குக் கிடைப்பது நடன மேடைக்காகத் தைத்தது: பளபளக்கும் சாட்டின், மூக்குத்தி, தலையில் மணி கோத்த துணி, முதுகில் கைப்பிடி அளவுக் கூடை. சுற்றுலாப் போஸ்டர் பார்த்து வளர்ந்த உடுப்பு அது. பறிக்கப் போகும் பெண்கள் உடுத்துவது வேறு. பழைய சேலை அல்லது பாவாடை. அதற்கு மேல் புருஷனுடையதோ தம்பியுடையதோ ஆன நீளக்கைச் சேட்டு. குச்சி கீறாமலும் ஈரம் ஏறாமலும் இடுப்பைச் சுற்றிப் படங்கு எனும் முரட்டு விரிப்பு. தலையில் மடித்த துண்டு, அதன் மேல் கொழுந்துப் பையின் கயிறு. பல தோட்டங்களில் கூடையின் இடத்தைப் பை எடுத்து நாளாயிற்று. மழைக்குக் கம்பளியைத் தலைமேல் மடித்துக் கொங்காணி போட்ட காலமும் மலையேறி, இப்போது பொலித்தீன்தான் கூடுதல்.

இந்த உடுப்பு பாட்டின் நடுப்புள்ளி. மகள் அம்மாவின் சேட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கிறாள், அதுதான் காட்சி. ஆகவே சேட்டு உண்மையாகவே பழசாக இருக்க வேண்டும். புதுச் சேட்டைப் பழசாக்க உப்புத்தாளால் தேய்ப்பது, பிளீச் தெளிப்பது போன்ற வேலைகள் உண்டு. தோளிலும் முழங்கையிலும் கழுத்துப்பட்டியிலும் மட்டும் தேய்த்தால் ஓரளவு நம்பலாம். ஆனால் கொழுந்துக்கறை வேறு நிறம். சேட்டின் வயிற்றுப் பக்கமும் கைவிளிம்பும் கருமை கலந்த பழுப்பில் படிந்திருக்கும், பையின் கயிறு அழுத்தும் இடத்தில் தலைத்துண்டு வெளுத்திருக்கும். இதை வீட்டில் போலி செய்தால் மலையகத்தில் யாரையும் ஏமாற்ற முடியாது.

நல்ல வழி மாற்றிக்கொள்வது. அதே அளவில் புதுச் சேட்டு ஒன்றைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ள வேண்டும். இரவலாகக் கேட்டால் திங்கட்கிழமை பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்) அது தேவைப்படும். வெளிர்நீல நீளக்கைச் சேட்டு ஒன்று இப்படிக் கிடைத்தது. வெளிர்நீலத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: அக்குள் வியர்வை அப்படியே தெரியும், சாம்பல் நிறத்தைப்போல. இந்தக் காட்சிக்கு அது கெடுதியாகத் தோன்றவில்லை. மலையேறி வந்தவருக்கு வியர்க்கும்தானே.

ஒன்றே ஒன்று இருக்கும் உடுப்பு என்பதால் நனையும் ஷொட் கடைசி. படங்கை இறுக்கிக் கட்டி, துண்டை மடித்து, பையை மாட்டிவிட்டது அந்த லயத்துப் பெண் ஒருவர். மாணவர்கள் கட்டியிருந்தபோது பை இடது தோளில் தொங்கியது. பாரம் நெற்றிக்கு மேல் தலையில் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு கையும் விடுபடும். இந்தப் பிழையோடு படம் வெளியாகியிருந்தால் கருத்துப் பகுதி முழுக்க அதைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு திருத்தம். இரண்டாம் சரணத்தில் 1823இல் தென்னிந்தியாவிலிருந்து வந்த முன்னோரைக் காட்ட ஒரு சிறு காட்சி, அதில் பாடகி கொழுந்துக்கூடையோடு. அது பொருந்தாது. வந்தது கோப்பித் தோட்டத்துக்கு; ஸ்கொட்லாந்துத் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது 1867. கூடையையும் தேயிலைப் பின்னணியையும் எடுத்துவிட்டுக் காட்டுப்பாதை ஒன்றில், சேட்டின் மேல் கம்பளியை மட்டும் போர்த்தி, முகம் தெரியாமல் பனிக்குள் நடக்கும் எட்டு விநாடியாக அது மாறியது. தனி உடுப்பு தேவைப்படவில்லை.

வெள்ளைச் சீருடையை இறக்குவது

கதைக்குப் பாடசாலைச் சீருடை வேண்டும், கமராவுக்கு அது பிடிக்காது. வெள்ளை பெரிதாக நிற்கும்போது தானியங்கி வெளிச்ச அளவு அதைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும். மாநிற முகம் கறுத்துப்போகும். முகத்துக்கு ஏற்றினால் சட்டை வெறும் வெளிச்சமாக வெடிக்கும். சலவைத்தூளிலும் நீலத்திலும் உள்ள பளபளப்பு, நிழலிலும் பனியிலும் சட்டையை நீலமாக ஒளிரச் செய்யும். போனில் முகத்தை அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டுவது பாதி தீர்வு. மீதி பாதி துணியில்.

சினிமாக்காரர்களின் பழைய வழி, வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து ஒரு படி இறக்குவது. மலையகத்தில் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது துணி: பருத்தி சாயம் பிடிக்கும், பொலியெஸ்டர் பிடிக்காது, கலப்புத் துணி அரைகுறையாய்ப் பிடித்துத் திட்டாகும். ஆகவே உண்மையான சீருடையைத் தொடாமல், 3 மீற்றர் வெள்ளைப் பருத்தியில் படத்துக்கென்று ஒன்று தைக்கப்பட்டது. பருத்தி சுருங்கும் என்பதால் வெட்டும் முன்பே துணியை நனைத்துக் காயவைத்து எடுத்தார்கள். அதிலேயே கஞ்சியும் போனது.

செய்முறை இது. 400 கிராம் அளவு துணிக்கு 8 லீற்றர் தண்ணீர், 100 கிராம் டஸ்ட் தேயிலை, இரண்டு மேசைக்கரண்டி உப்பு. அலுமினியம் அல்லது சில்வர் சட்டி. இரும்புச் சட்டி கூடாது, தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் துணி சாம்பலாகும். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி, இரண்டாக மடித்த துணியில் வடிகட்ட வேண்டும். தூள் ஒன்று ஒட்டினாலும் அந்த இடத்தில் புள்ளி விழும். முன்கூட்டியே நனைத்துப் பிழிந்த சட்டையை விரித்தபடி அமிழ்த்தி, கை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மடிப்பில் கோடு விழும். முதலில் அதே துணியின் மூன்று துண்டைப் பத்து, இருபது, முப்பது நிமிடம் போட்டுப் பார்த்து, இருபது தெரிவாயிற்று. ஈரத்தில் பார்த்தால் நிறம் அதிகமாகப் பட்டதுபோல் இருக்கும், காய்ந்ததும் வெளுக்கும். அவசரப்பட்டு அலசினால் மறுபடி வெள்ளைதான். நிழலில் காயவைத்தார்கள்.

கண்ணுக்கு அது பழுப்புச் சட்டை. கமராவில் வெள்ளைச் சீருடை. முதன்முறை பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள், வீட்டுக்காரர் திட்டுவதும் உண்டு.

இதில் ஒன்று தவறியது. தைத்த நூல் பொலியெஸ்டர். சட்டை இறங்கியது, நூல் இறங்கவில்லை. கழுத்துப்பட்டியிலும் கையோரத்திலும் தையல் வெள்ளைக் கோடாக, சுண்ணாம்பால் கீறியதுபோல் தெரிந்தது. தையலைப் பிரிக்க நேரமில்லாமல் பழுப்புக் கலர் பென்சிலை ஈரமாக்கி நூல்மேல் ஓட்டினார்கள், முகஷொட்டுக்குப் போதுமாயிற்று. தையற்காரரிடம் தந்தநிற நூல் போடச் சொல்லியிருந்தால் இந்த வேலையே இல்லை. வெள்ளைச் சப்பாத்தும் அதே குற்றவாளி: சட்டையை இறக்கிவிட்டுச் சப்பாத்தை மறந்தால் கண் நேரே காலுக்குப் போகும். லயத்து வாசல் புழுதியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் தீர்ந்தது.

பாடசாலைப் பட்ஜும் டையும் படத்தில் வந்தால் அதிபரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். குழு வேறு நிற டை கட்டிப் பட்ஜை எடுத்துவிட்டது. அதுவே சுலபம்.

பாவாடை தாவணியும் கரை மண்ணும்

மூன்றாவது செங்கல் நிறப் பாவாடை, தந்தநிற இரவிக்கை, செங்கலில் ஒரு படி குறைந்த தாவணி. தாவணி இரண்டரை மீற்றர் ஜோர்ஜெட், காற்றில் பறக்க வேண்டும் என்பதற்காக. ஜோர்ஜெட்டைத் தேயிலை நிரைக்குள் கொண்டுபோகக்கூடாது, வெட்டுப்பட்ட குச்சி ஒவ்வொன்றும் நூலை இழுக்கும். இதனால்தான் இந்த உடுப்புக்கு நீர்த்தேக்கக் கரை.

அங்கேதான் பெரிய சறுக்கல். துணித்துண்டுச் சோதனை தேயிலையில் நடந்தது, கரையில் நடக்கவில்லை. வறண்ட மாதங்களில் நீர் இறங்கியிருக்க, கரை முழுக்க செம்பழுப்பு மண் வெளியே கிடந்தது. பாவாடை மண்ணோடு போய், இடுப்புக்கு மேல் மட்டும் ஓர் ஆள். உடுப்பை மாற்ற வழியில்லை. கமராவை மாற்றினார்கள்: பாடகியை நீரோரத்துக்கு இறக்கி, கமராவை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்த, பின்னால் நீரும் எதிர்க்கரைத் தேயிலையும் வந்து பாவாடை மீண்டது. திட்டமிட்டிருந்த உயர ஷொட் இரண்டும் கைவிடப்பட்டன.

காற்று நினைத்ததைவிடப் பலம். தாவணி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கீழ் ஓர மடிப்பைக் கொஞ்சம் பிரித்து நான்கு சில்லறைக் காசை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்துத் தைத்ததும் பறப்பது மெதுவானது. விநாடிக்கு 50 சட்டகத்தில் எடுத்து பாதி வேகத்தில் ஓட்டியபோது இன்னும் நன்றாக விழுந்தது. உதடு அசையும் ஷொட்டுக்கு அந்த வேகத்தில் பாட்டையும் இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாட வேண்டும், இல்லாவிட்டால் உதடு பொருந்தாது.

பொருத்திப் பார்ப்பதும் மாற்றும் இடமும்

பொருத்தம் பார்க்கும்போது நின்று பார்ப்பது போதாது. இரண்டு கையையும் தூக்க வேண்டும், குந்த வேண்டும், படி ஏற வேண்டும், பாட்டின் நீளமான அடியை மூச்சுப் பிடித்துச் சத்தமாகப் பாட வேண்டும். பாவாடை நாடாவில் இரண்டு விரல் இடம் இல்லாவிட்டால் அடிவயிற்று மூச்சு வராது. உதடு மட்டும் அசைவது முகஷொட்டில் தெரியும். மெல்லிய துணிக்கு உள்ளே போடுவது வெள்ளையாக இருக்கக்கூடாது, தோல் நிறமாக இருக்க வேண்டும். வெள்ளைக்குள் வெள்ளைதான் அதிகம் தெரியும். நனையும் காட்சியில் இது மாணவியின் மானப் பிரச்சினை, ஆகவே நனைத்த உடுப்போடு ஒரு சோதனை வீடியோ எடுத்து, பாடகியும் அவருடைய அம்மாவும் பார்த்துச் சம்மதித்த பிறகே அந்த ஷொட் பட்டியலில் ஏறியது.

உடுப்பு மாற்ற லயத்தில் ஒரு வீட்டு அறை, கூட ஒரு பெண் துணை. வேனுக்குப் பின்னால் சேலையைப் பிடித்து மறைத்து மாற்றும் வழக்கத்தை யாரும் இனித் தொடர வேண்டாம். காலைக் குளிரில் மெல்லிய இரவிக்கையோடு நிற்பவருக்கு மயிர்க்கூச்சம் முகஷொட்டில் தெரியும். ஷொட்டுக்கு ஷொட் ஜெர்சி, கையில் சுடுதண்ணீர்ப் போத்தல்.

ஒவ்வொரு உடுப்பையும் கழற்றும் முன் நான்கு படம்: முன், பின், இரு பக்கம். சேட்டின் கை எத்தனை மடிப்பு, மேல் பொத்தான் திறந்ததா, தாவணி எந்தத் தோள், பின் எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தார்கள். எழுதியும் ஒன்று தப்பியது. சனிக்கிழமை சேட்டின் கை மூன்று மடிப்பு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. எடிட்டில் பார்த்தபோது முழங்கை ஒரு வெட்டில் தெரிகிறது, அடுத்த வெட்டில் மறைகிறது. இரண்டு நாள் ஷொட்டுக்கும் இடையில் கொழுந்துப் பையின் நெருக்க ஷொட் ஒன்றைச் செருகினார்கள். ஒன்றரை விநாடி, கயிறும் துண்டும் மட்டும்.